ஜான்சன் ஓடை: வெள்ளத்தின் வேரும் மீட்பின் வேரும்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரின் தென்கிழக்குப் பகுதியையும் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடி வில்லாமெட் ஆற்றில் கலக்கும் ஜான்சன் ஓடை, ஃபாஸ்டர் சாலையை ஒட்டிய தாழ்வான குடியிருப்புகளைப் பல பத்தாண்டுகளாக அடிக்கடி மூழ்கடித்து வந்தது. இதற்கு மழை ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியுமா என்பது ஆராயத்தக்க வினா.

விடை தேடிப் பின்னோக்கிச் சென்றால், 1846இல் இக்கரையில் குடியேறி, நீர்விசையால் இயங்கும் மரம் அறுக்கும் ஆலையை நடத்திய வில்லியம் ஜான்சனின் காலத்தை எட்டலாம். 1903இல் கரையோரமாக ரயில் பாதை வந்தபின், வெள்ளச் சமவெளிக்குள், அதாவது பெருக்கெடுக்கும் நீர் பரவித் தேங்கி மெல்ல வடியும் நிலத்துக்குள், வீடுகள் பெருகின. 1930களின் பெருமந்தக் காலத்தில், வேலையற்றோருக்குப் பணி அளிக்கக் கூட்டரசு தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தின் தொழிலாளர்கள், வெள்ளத்தைத் தடுக்கும் நோக்குடனேயே ஓடையை ஆழப்படுத்தி, அகலப்படுத்தி, நெடுந்தொலைவுக்குக் கையால் கல் அடுக்கிக் கரை கட்டினர். அக்கற்கள் பல இடங்களில் இன்றும் குலையாமல் நிற்கின்றன. கட்டியவர்களின் உழைப்பில் குறை இல்லை. ஆனால் கற்கரை ஓடையை அதன் சமவெளியிலிருந்து பிரித்துவிட்டதால், பரவ இடமின்றி விரைந்த நீர், கரை நிரம்பியதும் வீடுகளுக்குள் புகுந்தது; சால்மன் மீன்கள் ஒதுங்கி இளைப்பாறும் மடுக்களும் மறைந்தன. தடுப்பதற்காகக் கட்டியதே வெள்ளத்திற்கு ஒரு காரணமாயிற்று.

மீட்பின் தொடக்கத்தைத் தேடினால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. அதிகார அமைப்புகள் முன்னர் வகுத்த வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் குடியிருப்போரின் எதிர்ப்பால் நின்றுபோயின. 1995இல், ஓடைக்கு நீர் வடிந்து வரும் நிலப்பரப்பு முழுவதையும் கருத்தில் கொண்டு, அங்கு வாழ்வோரை இணைக்கும் நீர்ப்பிடிப்புப் பேரவை உருவானது. மறு ஆண்டு பிப்ரவரியில் பெருவெள்ளம் வந்தது. 1997இல் நகர நிர்வாகம், விற்க விரும்புவோரிடம் மட்டும் சந்தை விலைக்கு வீடு வாங்கும் திட்டத்தைத் தொடங்கி, எவரையும் கட்டாயப்படுத்தாமல் ஏறத்தாழ 60 குடும்பங்கள் இடம்பெயர வழி செய்தது. அவ்வாறு கிடைத்த 63 ஏக்கரில் நீர் பரவ நிலம் தாழ்த்தப்பட்டது; ஓடையில் மரத்தண்டுகள் கிடத்தப்பட்டன; நாட்டுமரங்கள் நடப்பட்டன. 2012இல் பணி நிறைவுற்றது. ஓராண்டு விட்டு ஓராண்டு ஃபாஸ்டர் சாலையை எட்டிய வெள்ளம், இனி ஆறு முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே எட்டும் என்று நகர நிர்வாகம் மதிப்பிட்டது.

பதினைந்து ஆண்டுகள் நீண்ட பணியைத் தாமதம் என்று ஒதுக்குவது தவறு. மக்களின் இசைவைப் பெற அத்தனை காலம் தேவைப்பட்டது, அந்த இசைவே பணிக்கு அடித்தளமாயிற்று. ஆண்டுதோறும் ஓடைக்கரைக்கு வந்து களை நீக்கிக் கன்று நடும் தன்னார்வலர்கள் இன்றும் ஓடையைக் காத்து வருகின்றனர். ஓடையை மீட்க முனையும் எந்த நகரமும் வரைபடத்தை விரிக்குமுன் கரையோர மக்களிடம் சென்று கேட்க வேண்டும்.