கடத்தூர் பனியில் ஆயிரம் மைல்

வருடத்துக்கு ஆயிரம் மைல் நடப்பது என்று இங்கிலாந்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜனவரி 1-ல் ஒரு நோட்டுப் போட்டு, நடந்த தூரத்தை எழுதிக்கொண்டே வந்து, டிசம்பர் 31-க்குள் ஆயிரத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அதையே நம்ம தருமபுரி மாவட்டம் கடத்தூரில் ஒருவர் ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மைல் என்பது 1609 கிலோமீட்டர். 365-ஆல் வகுத்தால் தினம் 4.4 கிலோமீட்டர். ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஏப்ரல் வரட்டும், தெரியும்! காலை எட்டரைக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். தினம் 4.4 என்று டைம்டேபிள் போட்டவர்கள் பாதிப்பேர் அங்கேதான் நோட்டை மூடுவார்கள்.

இந்த ஊருக்கு வேறு மாதிரிக் கணக்குப் போட வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, நவம்பர், டிசம்பர், நான்கும் சேர்த்து 120 நாள். அந்த நாட்களில் மட்டும் எட்டெட்டு கிலோமீட்டர் நடந்தால் 960 வந்துவிடுகிறது. மிச்சம் 649-ஐ 245 நாளுக்குப் பிரித்தால் தினம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டைச் சுற்றியே முடித்துவிடலாம். (நவம்பர் மழை கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். அதற்கும் சேர்த்து ஜனவரியிலேயே நடந்து வைப்பது நல்லது.)

ஆனால் சிக்கலும் அதே மார்கழியில்தான் இருக்கிறது. அப்போது சூரியன் எழ ஆறரை ஆகிவிடும். ஐந்து மணிக்கே கிளம்புகிறவர் பொம்மிடி ரோட்டில் இருட்டிலும் பனியிலும் நடக்கிறார். கரும்பு அரவைக் காலம் வேறு. லோடு ஏற்றிய டிராக்டரில் பின் விளக்கைத் தோகை மறைத்திருக்கும். அதைத் தாண்ட ஒதுங்குகிற பைக்காரருக்கு, ஓரமாக நடக்கிறவர் கடைசி நொடியில்தான் தெரிவார். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் ஆயிரம் மைல் எல்லாம் ஒரு எண்ணா?

எனவே ரோட்டின் வலது பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். நம்மில் பலரும் பழக்கதோஷத்தில் இடது பக்கம்தான் போகிறோம். வெள்ளைச் சட்டை, கையில் டார்ச், முதுகில் ஒளிரும் பட்டை. தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைக்காரர்கள் பலர் இப்போது பையிலேயே அந்தப் பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். எடப்பாடிக் காவடிக்காரர்கள் போலத் தலைமுறை தலைமுறையாக நடக்கிறவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது: கூட்டமாகப் போவது, வெயில் ஏறியதும் உட்கார்ந்துவிடுவது. காதில் இயர்போன், சத்தியமாக வேண்டாம். தொப்பூர் கணவாய்ப் பக்கம் மைல் சேர்க்கப் போவதும் வேண்டாம்.

ரோடு அலுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு மலை இருக்கிறது. அரூர்ப் பக்கம் தீர்த்தமலைப் படிகள் ஏறலாம். நோட்டில் தூரம் குறைவாகத்தான் விழும், கால் நம்பாது. 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2000 அடி ஏற்றத்துக்குத் தனியாக இன்னொரு மணி நேரம். அந்த நேரத்தையும் மைலாக மாற்றி எழுதிக்கொண்டால் யாரும் கேஸ் போட மாட்டார்கள் :-)

காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். புல் காய்ந்து கிடக்கும் மாதம் அது. பிப்ரவரி பாதியிலேயே மலைக் கணக்கை முடித்துக்கொண்டு ஸ்கூல் கிரவுண்டுக்கு வந்துவிட வேண்டும். நோட்டில் எத்தனை மைல் பாக்கி இருந்தாலும் சரி.