திறப்பைத் திருப்பினால் என்ன கேக்குது?

எங்கட வீட்டில ஒரு லைற்ஏஸ் வான் நிக்குது. சி.ஆர். 27, 2சி டீசல் எஞ்சின். எங்களில ரெண்டு பேரை விட அதுக்கு வயசு கூட. அப்பா அதிலதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்தி இறக்கிறார். விடிய ஆறரைக்கு அது ஸ்ராட் எடுக்காட்டில் பதினொரு வீட்டு வாசலில பிள்ளைகள் புத்தகப் பையோட நிக்குங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய வான்களின் விலை எங்க போச்சுதெண்டு எல்லாருக்கும் தெரியும். 2025இல் திரும்பத் திறந்தும், வரியோட சேத்துப் பாத்தால் புதுசு எங்களுக்கு எட்டாது. இருக்கிறதைத்தான் ஓட வைக்க வேணும்.

இப்படியான வாகனங்களில் காசு கரையிறது பழுதால இல்லை, ஊகத்தால. பற்றறியை மாத்திப் பாப்பம், சரிவராட்டில் ஸ்ராட்டரை மாத்திப் பாப்பம் எண்டு ஒவ்வொண்டாய்ப் போகும். சகோதரங்கள் மூண்டு பேரும் நாங்கள் இப்ப ஸ்பானரைத் தொட முதல் ஒரு கேள்வி கேக்கிறம்: திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுத்துதா, இல்லையா?

சுத்தேல்லையெண்டால் அது கரண்ட் பக்கம். ஓய்வாய் நிண்ட நல்ல பற்றறி மல்ற்றிமீற்றரில 12.6 வோல்ற் அளவில காட்டும். 12.2 எண்டால் பாதிச் சார்ஜ்தான். ஆனால் புதுப் பற்றறி வாங்க முதல் முனைகளில பூத்திருக்கிற வெள்ளைத் தூளைச் சுடுதண்ணி விட்டுத் துலக்குங்கோ, எஞ்சினுக்குப் போற ஏர்த் வயரையும் இறுக்கிப் பாருங்கோ. லைற் மங்காமல் நிக்க, 'டக்' எண்டு ஒரு சத்தம் மட்டும் கேட்டால், ஸ்ராட்டர் சொலினொயிட்டுக்குள்ள இருக்கிற செப்புத் தகடுகள் தேஞ்சிருக்கலாம். தகடு சின்னச் செலவு. முழு ஸ்ராட்டர் அப்படி இல்லை.

சுத்துது, ஆனால் பத்தேல்லையெண்டால் ஒராள் பின்னால போய்ச் சைலன்சரைப் பாக்க வேணும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ள போகுது, எரியத்தான் சூடு காணாது. முதல் சந்தேகம் ஹீற்றர் பிளக். எங்கட ஊர் வெயிலில ஒண்டு ரெண்டு பிளக் செத்தாலும் வான் காட்டிக் குடுக்காது. மார்கழி மழை விடியலிலதான் மாட்டுப்படும். பிளக்குகளை இணைக்கிற தகட்டைக் கழட்டித் தனித்தனியே தடையை அளந்தால், நல்லது ஒரு ஓம் அளவில காட்டும். வெந்தது ஒண்டும் காட்டாது. பற்றறியில நேரடியாய்ப் பிடிச்சுப் பாக்க வேண்டாம். பழைய ரொயோட்டாக்களில சில பிளக்குகள் 12 வோல்ற்றுக்குச் செய்தவை இல்லை, நொடியில போயிடும்.

புகையே வரேல்லையெண்டால் டீசல் போகேல்லை. திறப்பை ஓனில வைச்சு, டீசல் பம்மில இருக்கிற சொலினொயிட்டின் வயரைக் கழட்டித் திரும்பத் தொடுங்கோ. 'கிளிக்' எண்டு கேக்க வேணும். இந்த எஞ்சின் ஓடத் தேவையான கரண்ட் அந்த ஒரு வயர்தான், மிச்சம் எல்லாம் இயந்திரம். கிளிக் கேட்டும் ஸ்ராட் இல்லாட்டில், அல்லது ஸ்ராட் எடுத்து நாலைஞ்சு செக்கனில நிண்டால், காத்து இழுக்குது. பில்ரருக்கு மேல இருக்கிற கைப் பம்மின் ரப்பர் வெடிச்சிருக்கும், இல்லாட்டில் ஓஸ் கிளிப் தளர்ந்திருக்கும். பம்முக்கு முன்னால ஒரு துண்டு கண்ணாடி ஓஸ் போட்டால் குமிழி போறது கண்ணுக்குத் தெரியும். பில்ரரின் அடியில தண்ணி வடிக்கிற திருகையும் இடைக்கிடை திறந்து விடுங்கோ.

தொண்ணூறுகளில் தடைக்குள்ள ஓஸ்ரின், மொறிஸ் கார்களுக்குக் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓட்டின ஊர் எங்கட. அந்தக் கெட்டித்தனத்தை நினைச்சு டீசல் ராங்கில மண்ணெண்ணெய் கலக்கிறவையை இப்பவும் காணலாம். இந்தப் பம்முக்கு வேற ஒயில் இல்லை, டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில உள்ளால அரைபடும்.

ஓடேக்க வாற கறுப்புப் புகைக்கு முதலில எயார் பில்ரரைப் பாக்கிறம், பிறகுதான் நொசில். நீலம் எண்டால் ஒயில் எரியுது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து ரேடியேற்றர் தண்ணியும் குறைஞ்சால் உடனே நிப்பாட்டுங்கோ. 2சி, சூடேறினால் ஹெட் வெடிக்கிறதுக்குப் பேர் போன எஞ்சின்.

எங்களைப் பயப்படுத்தினது வேற ஒண்டு. அல்ரனேற்றர். அது பழுதானால் பற்றறி இறங்கும், அவ்வளவுதான் எண்டு கனபேர் நினைக்கினம். பெற்றோல் கார் பிறேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சின் உறிஞ்சிற காத்திலேயே எடுத்துக்கொள்ளும். டீசலில அது இல்லை. அதனால வெற்றிடப் பம் ஒண்டு தனியாய் வேணும், 2சியில அது அல்ரனேற்றருக்குப் பின்னால ஒட்டிக்கொண்டிருக்கு. பெல்ற் அறுந்தால் சார்ஜும் இல்லை, கொஞ்ச நேரத்தில பிறேக்கும் கல்லாகும். அந்தப் பம்மின் சீல் போனால் ஒயில் அல்ரனேற்றருக்குள்ள இறங்கும். எங்கட வானில சார்ஜ் லைற் மினுங்கத் தொடங்கி, கழட்டிப் பாக்க, உள்ள முழுக்க ஒயில். ஒரு கராஜில 'லைற் மினுங்கினாப் பறவாயில்லை, ஓடலாம்' எண்டு சொல்லிவிட்ட வான் அது. உள்ளுக்குப் பதினொரு பிள்ளைகள்.

இப்ப ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்பா எஞ்சின் நிக்க பிறேக்கை நாலைஞ்சு தரம் மிதிப்பார், பெடல் இறுகும் வரைக்கும். பிறகு காலை எடுக்காமல் ஸ்ராட் பண்ணுவார். பெடல் கொஞ்சம் கீழ போனால் வான் வெளிக்கிடும். போகாட்டில் தங்கச்சி ஃபோனை எடுத்து பதினொரு வீட்டுக்கும் சொல்லுவாள்.