மண் பூசிய முகங்கள்

சூளைக்கு நெருப்பு வைத்த நாளில் அப்பா ராத்திரி வீட்டுக்கு வர மாட்டார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் அப்போது நிலக்கரிச் சூளைதான். பற்றவைத்துவிட்டால் விடிய விடியக் கரி தள்ள வேண்டும். சூளைச் சுவரில் இருக்கும் துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து வரும்வரை கண்ணயர முடியாது. அப்படி ஒரு ராத்திரியில்தான் எங்கள் தெருவில் டெக் எடுத்தார்கள். 1980களின் கடைசி. எனக்கு எட்டு ஒன்பது வயது.

வீடியோ டெக்கும் கலர் டிவியும் ஒரு ராத்திரி வாடகை. கூடவே நாலு கேசட். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, தெருவிளக்குக்குக் கீழே மேசை போட்டு, பாய் விரித்துப் பார்ப்போம். முதலில் பெரியவர்களுக்காக ஒரு சாமி படம். அடுத்தது ரஜினி. மூன்றாவது ஓடும்போது பாதிப்பேர் பாயிலேயே தூங்கியிருப்பார்கள். நாலாவது, மீதி இருக்கிற இளவட்டங்களுக்காக ‘இங்கிலீஷ் பேய்ப் படம்’. வெள்ளைக்காரர்கள் நடித்தால் எல்லாமே எங்களுக்கு இங்கிலீஷ்தான். அன்று பார்த்தது லூசியோ ஃபுல்சி 1979இல் எடுத்த ‘சாம்பி 2’ என்ற இத்தாலியப் படம் என்று தெரிய எனக்கு இன்னும் இருபது வருஷம் ஆயிற்று.

ஆளில்லாத படகு ஒன்று நியூயார்க் துறைமுகத்துக்குள் மிதந்து வரும். அப்புறம் ஒரு தீவு. அங்கே செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ஓடுவதில்லை, கத்துவதில்லை, எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம்கூட இல்லை. முகத்தில் அப்பிய மண் காய்ந்து வெடித்துப் பொருக்குப் பொருக்காக நிற்கிறது. ஒருவனுடைய கண்குழியில் புழு நெளிகிறது. கடலுக்கடியில் செத்தவன் ஒருவன் சுறாவோடு கட்டிப் புரள்கிறான். நான் பக்கத்து வீட்டு மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொம்மை வார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவர். திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, “களிமண்ணுடா. நல்லா பாரு, நம்ம மண்ணுதான்” என்றார். மண்தான் என்று தெரிந்த பிறகும் என் பயம் போகவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.

படம் முடிந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் நாலைந்து பேர் வந்தார்கள். மெதுவாக, ஒருவரோடொருவர் பேசாமல். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. வியர்வை வழிந்த இடத்தில் மட்டும் தோல் கோடு கோடாகத் தெரிந்தது. நான் அலறினேன். அவர்களில் ஒருவர் ஓடிவந்து என்னைத் தூக்கினார். சட்டையில் மண்ணும் கரிப்புகையும் பீடியும் மணத்தன. “ஏண்டா, என்னாச்சு? அப்பாதான்டா” என்றார்.

சின்னக் கம்பெனியில் எல்லாரும் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். சூளைக்குக் கரி தள்ளுகிற இடைவெளியில் மறுநாளைக்கு மண் அரைக்க வேண்டும். களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் கற்களின் தூளைச் சேர்த்து, உருளும் மில்லுக்குள் தண்ணீர் விட்டு அரைத்தால் மோர்க்குழம்பு பதத்தில் கூழ் வரும். அதைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடிக்கும். ஓரத்தில் மண் படிந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார் இருப்பார். அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை என்று ஊரிலிருந்து லாரி ஏறிப் போனவற்றுக்கு வேண்டிய களிமண் பக்கத்திலேயே கிடைத்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது கிடைக்கும் மண்.

மறுநாள் முழுக்க எனக்குக் காய்ச்சல். ஆயா திருநீறு பூசிவிட்டுக் கோபமாகச் சொன்னாள்: “செத்தவன் எதுக்குடா திரும்பி வரான்? நம்ம ஊர்ல அந்தப் பேச்சே கெடையாது.” எங்கள் ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். விருத்தகாசி என்றும் சொல்வார்கள். இங்கே உயிர் விடுகிறவர்களுக்குப் பெரியநாயகி முந்தானையால் விசிறிவிடுகிறாள், பழமலைநாதர் காதில் மந்திரம் ஓதுகிறார், மறுபிறவி கிடையாது என்பது ஊரின் நம்பிக்கை. மணிமுத்தாற்றில் கரைத்த எலும்பு கல்லாகிவிடும் என்றும் சொல்வார்கள். செத்தவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள் என்று உறுதி சொல்லும் ஊரில் உட்கார்ந்துதான், செத்தவர்கள் திரும்பி வரும் படத்தை நாங்கள் பார்த்தோம்.

இருபது வருஷம் கழித்து வெளியூரில் வேலையில் இருந்தபோது அந்தப் படத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். பிறகு விடவில்லை. அமெரிக்கரான ஜார்ஜ் ரொமேரோவின் படம் 1978இல் இத்தாலியில் ‘சாம்பி’ என்ற பெயரில் வெளியானது. அது நன்றாக ஓடியதும், அதற்குச் சம்பந்தமே இல்லாத தங்கள் படத்துக்கு ‘சாம்பி 2’ என்று பெயர் வைத்து மறுவருஷமே கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் இத்தாலியில் இந்த வகைப் படங்கள் வரிசையாக வந்தன. 1980இல் உம்பர்த்தோ லென்சி எடுத்த படத்தில் கதிர்வீச்சால் உருமாறியவர்கள் விமானத்திலிருந்து ஆயுதங்களோடு இறங்குகிறார்கள். அதே ஆண்டு புரூனோ மத்தேய் எடுத்த படத்தில் நியூகினியைப் பற்றிய ஆவணப்படத்தின் காட்சிகளை எடுத்து நடுநடுவே ஒட்டியிருக்கிறார். பின்னணி இசைகூட ‘காப்ளின்’ குழு வேறு படங்களுக்கு வாசித்ததுதான். இருப்பதை வைத்துச் சமைத்த சாப்பாடு.

எல்லாவற்றையும்விட ஒரு செய்தி என்னை அன்றைய பாய்க்கே திரும்பக் கொண்டுபோனது. ‘சாம்பி 2’க்கு ஒப்பனை செய்த ஜன்னெத்தோ தெ ரோஸ்ஸி நடிகர்களின் முகத்தில் அடுக்கடுக்காகப் பூசியது களிமண்ணையேதான். ஃபுல்சி அவர்களை நடமாடும் பூந்தொட்டிகள் என்று கூப்பிடுவாராம். விருத்தாசலத்தில் ஒரு மேசை டிவியில், தேய்ந்த கேசட்டில், பக்கத்து வீட்டு மாமா ஒரே பார்வையில் சொன்னது சரி.

நம் சினிமாவிலும் இந்தக் குடும்பத்துக்கு உறவுக்காரர்கள் உண்டு. விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’யில் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும். 1989இல் வேலு பிரபாகரன் ‘நாளைய மனிதன்’ எடுத்தார். மருத்துவர் கண்டுபிடித்த மருந்தால் பிணம் எழுந்து நடக்கிறது. எழுந்தவர் அஜய் ரத்னம். அடுத்த ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகமும் வந்தது. 2016இல் வந்த ‘மிருதன்’ இவற்றைவிடச் சுத்தமான வேலை. அதைப் பிள்ளைகளோடு பார்த்து ரசித்தேன். ஆனாலும் மனசு தேடியது வேறு.

தேடியது எது என்று அப்பாவின் வேலையை நினைத்தால் எனக்கு விளங்குகிறது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பொம்மையில் ஒரு கோடு விழும். ஈரம் காய்வதற்குள் கத்தியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து அதை எடுக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போனால் ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூட்டிலும் அந்தக் கோடு போகாது. எங்கள் வீட்டுக் கொலுவில் எல்லாமே கோடு விழுந்த பொம்மைகள்தான். விற்பனைக்கு ஆகாதவற்றை அப்பா கொண்டுவருவார். கிருஷ்ணனின் கன்னத்தில் ஒரு கோடு, செட்டியாரின் தொப்பையில் ஒரு விரல் தடம். ஆயா அந்தத் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்து, “இது உங்கப்பன் கை” என்பாள். அந்த இத்தாலியப் படங்களிலும் எனக்கு அது தெரிகிறது. மண் வெடித்த நெற்றியில், ஒட்டுப்போட்ட காட்சியில், நாலு பேரைக் கொண்டு நாற்பது பேர் என்று காட்டிய கூட்டத்தில், யாரோ ஒருவர் கூலிக்கு, அவசரத்தில், ஆனாலும் மனசு வைத்துச் செய்த கை தெரிகிறது. பழுதில்லாமல் முடிந்த பொருளில் அந்தக் கையைக் காண முடிவதில்லை.

இப்போது ஊருக்குப் போனால் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சுவரளவு டிவி. படம் பார்க்க யாரும் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதில்லை. களிமண் என்று கண்டுபிடித்துச் சொன்ன மாமா இல்லை. ஆயா இல்லை.

அப்பாவுக்குக் கடைசி வருஷங்களில் இருமல் நிற்கவே இல்லை. குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் படிந்தால் அது மறுபடி வெளியே வராது, அந்த இடம் தழும்பாக இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். முகத்தில் படிந்த வெள்ளையைத்தான் அப்பா தினமும் கிணற்றடியில் தேய்த்துக் கழுவினார். உள்ளே போனது உள்ளேயே இருந்துவிட்டது. ஊரிலேயே போய்ச் சேர்ந்தார். எலும்பை மணிமுத்தாற்றில், மணல் நடுவே ஓடிய கொஞ்சம் தண்ணீரில் விட்டோம். இந்த ஆற்றில் சுந்தரர் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று தல வரலாறு சொல்கிறது. இந்த ஆற்றில் போட்டது திரும்பி வந்ததாக நான் கேட்ட கதை அது ஒன்றுதான்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது ‘சாம்பி 2’ பார்க்கிறேன். இப்போது பழுது நீக்கிய பிரதி கிடைக்கிறது, மண்ணின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிகிறது. கடைசிக் காட்சியில் செத்தவர்கள் புரூக்ளின் பாலத்தின் மேல் வரிசையாக நடந்து வருகிறார்கள். கீழே கார்கள் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மெதுவாக, ஒருவரோடொருவர் பேசாமல் வருகிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் நடை அது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவேன், படம் முடிந்துவிடும். அந்தத் திண்ணை இன்னொரு விடியலுக்கு எனக்குக் கிடைத்தால், தெருமுனையில் வெள்ளை முகங்கள் தெரிந்ததும் இறங்கி ஓடுவேன். அலற மாட்டேன்.