வினாத்தாள் மாதங்கள்

யூன் 4, 2025, புதன்

புலமைப்பரிசில் பரீட்சை ஓகஸ்ட் 10. இன்றும் ஒரு முன்னோடி வினாத்தாள். சுவரில் ஒட்டியிருக்கும் நேரசூசியில் தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் இருக்கின்றன. தரம் 5 இல் உண்மையாக நடப்பது இரண்டே பாடம்: முதலாம் வினாத்தாள், இரண்டாம் வினாத்தாள். காலையில் செய்விப்பது, பிறகு திருத்துவது, புள்ளியைப் பட்டியலில் ஏற்றுவது. படிப்பிப்பதற்கு என்று மிஞ்சுவது இடைவேளைக்குப் பிந்திய களைத்த நேரம்தான்.

முதலாம் வினாத்தாளில் 40 வினா, ஒரு மணித்தியாலம். வினா ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். அதற்குள் பத்து வயதுப் பிள்ளை வாசித்து, விளங்கி, மூன்று விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆகவே வேகத்துக்குப் பழக்குகிறோம். நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தேன். வினாவின் முதல் நாலைந்து சொல்லைக் கண்டதும் பென்சில் விடைக்குப் போய்விடுகிறது. வசனத்தைக் கடைசிவரை வாசிக்கும் பழக்கம் தரம் 3 இல் இவர்களிடம் இருந்தது. நான் அப்போதும் இவர்களுக்குப் படிப்பித்தேன், அதனால் தெரியும்.

கடைசி வாங்கில் இருக்கும் பையனின் தாளில் நாற்பது வினாவுக்கும் ஒரே விடை, இரண்டு. கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாத்துக்கும் ரண்டு போட்டால் கொஞ்சமெண்டாலும் சரி வரும் எண்டு அண்ணா சொன்னவர் ரீச்சர்." பதின்மூன்று சரியாக வந்தும் இருந்தது. அந்தப் பதின்மூன்றைப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே எழுதினேன். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும் என்பதை எழுத அந்தப் பட்டியலில் நிரல் இல்லை.

யூன் 18, புதன்

"ஒரு வரிசையில் ஒரு சிறுமி இடமிருந்து ஏழாவது, வலமிருந்து ஒன்பதாவது. வரிசையில் மொத்தம் எத்தனை பேர்?"

நான் வாசித்து முடிக்க முன்னரே பாதி வகுப்பு "பதினைஞ்சு" என்றது. எப்படி என்று கேட்டேன். "ரண்டையும் கூட்டி ஒண்டைக் கழிக்கிறது." ஏன் கழிக்க வேண்டும்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு முன்வாங்குப் பிள்ளை சொன்னாள்: "ரியூசன் சேர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்."

வினாத்தாளை மேசையில் வைத்துவிட்டு எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து பேரை வரிசையில் விட்டேன். மற்றப் பிள்ளைகள் இடப்பக்கம் இருந்து எண்ணி ஏழாவது ஆளின் தலையில் கை வைத்தார்கள். பிறகு வலப்பக்கம் இருந்து எண்ணி வந்தார்கள், ஒன்பதாவதும் அதே தலை. தலைக்குச் சொந்தக்காரி கொஞ்ச நேரம் யோசித்தாள். திடீரென்று, "ரீச்சர், என்னை ரண்டு தரம் எண்ணிப்போட்டினம்!" என்று கத்தினாள். அவ்வளவுதான். இடமிருந்து நாலாவது, வலமிருந்து நாலாவது எண்டால் எத்தனை பேர், நடுவில் இரண்டு பேர் நிண்டால் எப்படி என்று தாங்களே கணக்குக் கட்டி ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வாங்குப் பையன் கேட்ட கேள்விதான் எல்லாவற்றிலும் கடினம்: இடமிருந்து ஐந்தாவது ஆளும் வலமிருந்து ஐந்தாவது ஆளும் இடம் மாறி நின்றால் மொத்தம் மாறுமா?

இருபது நிமிடம் போயிருக்கும். இந்தத் தவணையில் நான் படிப்பித்தேன் என்று சொல்லக்கூடிய இருபது நிமிடம் அது.

யூன் 19, வியாழன்

நேற்றைய வினாத்தாள் முடியவில்லை என்று இரண்டு பெற்றார் அதிபரிடம் போயிருக்கிறார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்: "ரீச்சர், இந்த ரண்டு மாசமும் பொறுத்துக்கொள்ளுங்கோ. வெட்டுப்புள்ளிக்கு மேல போகக்கூடிய எட்டுப் பேரைப் பிடியுங்கோ." எட்டுப் பேர். வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். மற்றப் பதினைந்து பேரும் எட்டுப் பேருக்கான வினாத்தாளை நாள் முழுக்க நிரப்பிக்கொண்டு இருக்க வேண்டும். என் கோபம் இந்த இடத்தில்தான். கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் கரையேறும். வாசிப்புத் தட்டுப்படுகிற பிள்ளைக்கு ஆரம்பப் பிரிவில் இதுதான் கடைசி வருடம். தரம் 6 க்குப் போனால் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வருவார், எழுத்துக்கூட்டச் சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லை. அந்தக் கடைசி வருடத்தைத்தான் பரீட்சை தின்கிறது.

யூலை 6, ஞாயிறு

சந்தையில் அந்த முன்வாங்குப் பிள்ளையின் தாயைக் கண்டேன். பிள்ளை காலை ஆறு மணிக்கு ஒரு ரியூசன், பள்ளிக்கூடம் விட்டு வந்து இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கு. பிள்ளை களைத்துப் போகிறாள், வகுப்பில் தூங்குகிறாள் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் சொல்லுறது சரி ரீச்சர். ஆனால் ரவுணில இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்கு என்ர பிள்ளை போறதெண்டால் இதைவிட வேற வழி என்ன இருக்கு? அங்க எங்களுக்குக் காணியோ வீடோ இல்லை."

எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பரீட்சை அவருக்காகத்தான் உண்டானது. 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியோடு சேர்த்துக் கொண்டுவந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளை உதவிப் பணத்தோடு மத்திய மகா வித்தியாலயத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். பணம் இந்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 750 ரூபாயில் இருந்து 1,500 ஆகியிருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அது உதவிதான். ஆனால் சந்தையில் நின்ற அந்தத் தாய் பேசியது பணத்தைப் பற்றி அல்ல, பள்ளிக்கூடத்தைப் பற்றி. எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் 6 க்கு மேல் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருந்தால் அவர் பிள்ளையை ஆறு மணிக்கு எழுப்பியிருக்க மாட்டார். நல்ல பள்ளிக்கூடம் சிலதாகவும் அவற்றுக்கு வாசல் ஒன்றாகவும் இருக்கும்வரை, நெரிசலுக்குப் பெற்றாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யூலை 22, செவ்வாய்

அடுத்த வருடம் தரம் 1 க்கும் 6 க்கும் புதிய பாடத்திட்டம் வரப்போகிறதாம். ஆசிரியர் அறையில் அதே பேச்சு. தரம் 5 பரீட்சை அப்படியே இருந்தால் தரம் 1 இல் செய்கிற மாற்றம் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்று கேட்டேன். இப்போதே தரம் 3 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு நடக்கிறது.

ஓகஸ்ட் 2, சனி

நல்லூரில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. "சோதினை முடியத்தான் கோயில்" என்று வீடுகளில் சொல்லியிருக்கிறார்களாம், நேற்றுப் பிள்ளைகள் சொன்னார்கள். கச்சான் கடையும் ஐஸ்கிறீமும் பத்தாம் திகதிக்குப் பிறகு.

போன வருடம், செப்டெம்பர் 15 இல் நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியே போய், விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. தாங்கள் எழுதியது செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் மாதக்கணக்காகக் காத்திருந்த அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பத்து வயதில் அவர்களுக்கு நீதிமன்றம் என்ற சொல் பழகிவிட்டது. இவ்வளவு பாரத்தை ஒரு தாளின் மேல் ஏற்றினால் அதைத் திருடவும் ஆள் வரும்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. மண்டப வாசலில் பெற்றார் கூட்டம். வெளியே வந்த பிள்ளையிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க முன்னரே வினாத்தாளைக் கேட்டு வாங்கினார்கள். கடைசி வாங்குப் பையன் தனியாகத்தான் வந்தான், தகப்பன் கடலுக்குப் போய்விட்டார். "இண்டைக்கு எல்லாத்துக்கும் ரண்டு போடேல்லை ரீச்சர். கொஞ்சம் வாசிச்சுப் பாத்தனான்" என்றான். எத்தனை வினா வாசித்தாய் என்று கேட்டேன். பதினொன்று.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாம் நாள். இருபத்து மூன்றில் பதினான்கு பேர்தான் வந்தார்கள். பரீட்சை முடிந்ததால் படிப்பும் முடிந்தது என்று வீடுகளில் நினைக்கிறார்கள். வராதவர்களின் வீடுகளுக்கு இந்த வாரமே போகப்போகிறேன்.

தரம் 4 க்கு வினாத்தாள் பயிற்சி தொடங்கவேண்டும், நீங்களும் உதவிக்கு வாருங்கள் என்று அதிபர் இன்று கேட்டார். இந்தத் தவணை முழுக்கக் காலையில் முதல் இரண்டு பாடவேளையும் தரம் 5 க்கு வாசிப்பு, அந்த நேரம் என்னைக் கூப்பிடக்கூடாது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நாளைக்கு எழுத்திலேயே கொடுக்கப்போகிறேன். நூலகத்தில் இருந்து தரம் 2 வாசிப்புப் புத்தகங்கள் ஆறு எடுத்து வைத்திருக்கிறேன். பதினொரு வினா வாசித்தவனுக்கு முதலாவது புத்தகம்.