முதுமையிலும் வில் வளையும்



நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை அடிக்கடி செவியுறத் தொடங்குகின்றனர். “இந்த வயதில் இது எதற்கு?” என்பதே அக்கேள்வி. பிள்ளைகள் பாசத்தினால் கேட்கின்றனர். இல்லாள் கவலையினால் கேட்கின்றாள். அண்டை வீட்டார் வேடிக்கையாகக் கேட்கின்றனர். நாளடைவில் அக்கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்கிறோம். மிதிவண்டி சுவரோரம் சாய்கிறது. மாலை நடை நின்றுபோகிறது. சாய்வு நாற்காலி நம் வடிவத்திற்கு ஏற்பக் குழிந்துவிடுகிறது.

இதே கேள்வியைப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு நபித்தோழரிடம் ஒருவர் கேட்டார். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி இது. ஹழ்ரத் உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் எகிப்தின் ஆளுநராகப் பணிபுரிந்தவர்கள். ஹிஜ்ரி 58-ல் மறைந்தவர்கள். முதுமையிலும் அவர்கள் இரண்டு இலக்குகளுக்கு இடையே போவதும் வருவதுமாக அம்பெய்து பழகினார்கள். ஃபுகைம் என்பவர் அதைக் கண்டு, முதியவராகிய தங்களுக்கு இது சிரமமாயிற்றே என்று வினவினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் ஒரு சொல்லைக் கேட்டிராவிட்டால் இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டேன் என்று உக்பா (ரலி) விடையளித்தார்கள். அம்பெய்யக் கற்ற ஒருவர் பின்னர் அதைக் கைவிடுவதை அண்ணலார் (ஸல்) அவர்கள் கண்டித்திருந்தார்கள் என்பதே அச்சொல்லின் சாரம்.

இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். அதன் ஒரு நுட்பம் சென்ற ஆண்டில்தான் என் உடம்பின் வழியாக எனக்கு விளங்கிற்று. எனக்கு இப்போது வயது 46. வலது தோள் இறுகிப்போய், கரும்பலகையின் மேல்வரியை எழுதக் கை உயர மறுத்தது. கைக்கு முழு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் அனைவரும் கூறினர். மருத்துவரோ நேர்மாறாகச் சொன்னார். அசைக்காத தோள் மேலும் இறுகும் என எச்சரித்து, நீண்ட ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து, வலியின் எல்லைக்கு உட்பட்டு நாள்தோறும் மெல்ல இழுத்துப் பழகுமாறு பணித்தார். முதியவருக்கு உழைப்பு வேண்டும். ஆனால் அளவு வேண்டும். இரண்டு இலக்குகளுக்கு நடுவே நடப்பதும், வில்லை இழுப்பதும், மீண்டும் நடப்பதுமாகிய அந்தப் பயிற்சியில் உழைப்பும் ஓய்வும் மாறி மாறி அமைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரியும் என் மைத்துனர் தொலைபேசியில் நலம் விசாரித்தபோது இதைக் கூறினேன். அவர் சிரித்துவிட்டார். “மச்சான், அதே மாதிரி ரப்பர் பட்டையைத்தான் என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் வாசற்கதவில் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர் தோள்வலிக்காக இழுக்கவில்லை. மான் வேட்டைக்காக இழுக்கிறார்!” என்றார்.

அந்தப் பெரியவருக்கு வயது 72. தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அம்மாநிலத்தில் வில்வேட்டைப் பருவம் அக்டோபர் முதல் நாளன்று தொடங்குகிறது. உரிமம் பெற்றவர்கள் அரசு வரையறுத்த எண்ணிக்கைக்கு உட்பட்டு வெள்ளைவால் மானை வேட்டையாடலாம். இருபது வயதில் வில்லெடுத்த அவர் இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை. அவரைப் பற்றி என் மைத்துனர் கூறியவற்றையும், நான் நூல்களில் படித்தவற்றையும் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

வயது எதைக் கவர்கிறது?

முப்பது வயதுக்குப் பின்னர், பயிற்சி இல்லாத உடம்பில் தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தோள் மூட்டைச் சூழ்ந்திருக்கும் தசைநார்கள் தேய்ந்து எளிதில் கிழியும் நிலையை அடைகின்றன. நாற்பதுகளில் அருகிலுள்ள பொருள் மங்கலாகத் தெரியத் தொடங்குகிறது. கைநீள தூரத்தில் வில்லின் மீது பொருத்தியிருக்கும் குறிமுள் கலங்கித் தோன்றுகிறது. உடலின் சமநிலையும் தளர்கிறது. வில்லாளிக்கு வேண்டிய தோள், கண், கால் ஆகிய மூன்றையும் முதுமை தொட்டுவிடுகிறது.

அறிவுள்ள வில்லாளி இதற்கு என்ன செய்கிறான்? வில்லைத் தூக்கி எறிவதில்லை. வில்லின் பலத்தைக் குறைத்துக்கொள்கிறான். அந்தப் பெரியவர் இளமையில் 60 பவுண்டு விசையுள்ள வில்லை இழுத்தவர்; இன்று அவர் கையிலிருப்பது 42 பவுண்டு வில். மானை வீழ்த்த அதுவே போதும். வேட்டை வில்லுக்கு விஸ்கான்சின் மாநிலம் 30 பவுண்டையும், கொலராடோ மாநிலம் 35 பவுண்டையும் குறைந்த அளவாக விதித்துள்ளன. கூரிய அம்புமுனை சரியான இடத்தில் பாய்ந்தால் மிகுதியான பலம் தேவையில்லை.

இதற்குத் துணைபுரியும் கருவியும் உண்டு. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர், வில்லின் இருமுனைகளிலும் கப்பிகளைப் பொருத்தும் முறையைக் கண்டறிந்து 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் பெற்றார். அவ்வகை வில்லில் நாணை முழுவதும் இழுத்துவிட்டால் சுமை வெகுவாகக் குறைந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் தளருமாயின், இழுத்துப் பிடித்திருக்கும் கையில் எஞ்சுவது 12 பவுண்டு மட்டுமே. நடுங்கும் கைக்கு இது பேருதவி. அதுவும் இயலாதவர்க்குக் குறுக்குவில் உண்டு. 2014-ஆம் ஆண்டுப் பருவத்தில் அனைவருக்கும் அனுமதி கிடைக்கும் முன்னர், விஸ்கான்சினில் 65 வயது நிரம்பியவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் அது தனிச் சலுகையாக வழங்கப்பட்டிருந்தது.

அடுத்தது, பரண். மரத்தின் மீது பரண் கட்டி அமர்வது அந்நாட்டு வேட்டைக்காரர்களின் வழக்கம். அங்கே வேட்டையில் நேரும் காயங்களுக்குப் பரணிலிருந்து விழுவது ஒரு முதன்மையான காரணம். ஆகவே முதியவர்கள் இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு வார் அணியாமல் ஏறுவதில்லை. அல்லது பரணையே விடுத்துத் தரையில் சிறு மறைவுக் கூடாரம் அமைத்து நாற்காலியில் அமர்கின்றனர். நம் பெரியவர் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டார். தனியாகவும் செல்வதில்லை. பேரன் உடன் வருகிறான். மானை இழுத்து வரும் சுமை அவனுக்கு. காட்டில் எப்படி ஓசையின்றி அமர்வது என்று கற்பிக்கும் பொறுப்பு இவருக்கு.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். கலிபோர்னியாவில் யாஹி என்னும் பழங்குடி மக்கள் படுகொலைகளால் அழிக்கப்பட்டபின், எஞ்சியிருந்த ஒரே மனிதர் 1911-ல் ஓரோவில் என்ற ஊரின் அருகே வெளிப்பட்டார். இஷி என்று அவரை அழைத்தனர். அப்போது அவருக்கு ஏறத்தாழ 50 வயது. அவருக்கு மருத்துவம் பார்த்த அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் வேட்டையாடவும் கற்றார். 1916-ல் காசநோயால் இஷி மறைந்தார். போப் தாம் கற்றதை 1923-ல் நூலாக வெளியிட்டார். இன்றைய அமெரிக்க வில்வேட்டையின் மறுமலர்ச்சிக்கு அந்நூல் பெருங்காரணமாயிற்று. ஐம்பது வயது மனிதர் ஒருவர், ‘எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது’ என்று வில்லை முறித்துப் போட்டிருந்தால் அந்தக் கலை அவரோடு மண்ணில் புதைந்திருக்கும்.

விட்டுவிட்ட மான்

வாசகர்களே, இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் உயிர்.

வில்வேட்டையில் மான் மிக அருகில், பெரும்பாலும் 20 அல்லது 30 கெஜ தூரத்திற்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அம்பு நெஞ்சுக்கூட்டில் பாய்ந்தால் உயிர் விரைவில் பிரியும். சற்றே பிசகி வயிற்றிலோ காலிலோ தைத்தால், அது காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். ஆகவே பருவம் தொடங்கும் முன்னர் அந்தப் பெரியவர் சாப்பாட்டுத் தட்டின் அளவுள்ள வட்டத்தை வைத்து எய்து பார்க்கிறார். எந்தத் தூரத்தில் எல்லா அம்புகளும் வட்டத்திற்குள் விழுகின்றனவோ, அதுவே அந்த ஆண்டுக்கு அவருடைய எல்லை. ஐம்பது வயதில் அது 35 கெஜமாக இருந்ததாம். இப்போது 20 கெஜம்.

சென்ற பருவத்தில் கொம்புகள் கிளைத்த பெரிய கலைமான் ஒன்று 30 கெஜ தூரத்தில் வந்து நின்றது. பேரன் மூச்சை அடக்கிக்கொண்டு தாத்தாவைப் பார்த்தான். அவர் நாணைத் தொடவில்லை. மான் மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. “ஏன் எய்யவில்லை?” என்று என் மைத்துனர் பின்னர் கேட்டபோது, “எய்திருப்பேன், ஆனால் அது இருபது ஆண்டுகளுக்கு முந்திய நான் எய்ய வேண்டிய அம்பு” என்று அவர் கூறினாராம்.

அந்தப் பெரியவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் கடைப்பிடித்த ஒழுங்கு நமக்கு அந்நியமானதன்று. அறுக்கும்போது கத்தியைக் கூராக்கிக்கொண்டு பிராணியின் நோவினையைக் குறைக்குமாறு கட்டளையிட்டது நம் மார்க்கம். உயிருள்ள பிராணியை இலக்காக நிறுத்தி எய்து பழகுவதைத் தடுத்ததும் அதுவே. வேட்டையைப் பற்றி அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் அளித்த விடைகள் ஹதீஸ் நூல்களில் உள்ளன. இறைநாமம் கூறி எய்ய வேண்டும். ஆயுதத்தின் கூர்முனை கிழித்துக் கொன்றதை உண்ணலாம், அதன் பக்கவாட்டு அடியால் செத்ததை உண்ணலாகாது. எய்த பிராணி நீரில் மூழ்கிக் கிடந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். இவை அனைத்தும் வேட்டைக்காரனின் ஆசைக்கு எல்லை வகுப்பவை. கை தளர்ந்ததை ஒப்புக்கொள்ளாத முதியவனின் வீம்பு ஒரு வாயில்லா ஜீவனின் வேதனையாக முடியும். தன் அளவை அறிந்தவனோ எழுபதிலும் வேட்டைக்காரனாகவே இருக்கிறான்.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. அதை மதிப்பது நம் கடமை. ஆனால் வைக்கோல் அடைத்த இலக்கை நோக்கி அம்பெய்யும் விளையாட்டுக்குத் தடையில்லை. அதற்கு வயதும் தடையில்லை. 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான வில்வித்தையில் தங்கம் வென்ற குவீனி நியூவால் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கு அப்போது 53 வயது. ஜப்பானின் ஹிரோஷி யமமோட்டோ 1984-ல் வெண்கலம் வென்றார். இருபது ஆண்டுகள் கழித்து, பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே, 2004-ல் ஏதென்ஸ் நகரில் 41 வயதில் வெள்ளி வென்றார்.

துருக்கியின் உஸ்மானிய வில்லாளிகளிடம் ‘கெபாதே’ எனப்படும் மெல்லிய பயிற்சி வில் இருந்தது. கற்கத் தொடங்குபவன் முதலில் அதை இழுத்தே தோளைப் பழக்குவான். மெல்லிய வில்லில் தொடங்குவது சிறுவனுக்கு இழிவு இல்லையென்றால், மெல்லிய வில்லுக்குத் திரும்புவது முதியவருக்கு மட்டும் எப்படி இழிவாகும்?

வில்லைத் தொட்டறியாத வீடுகளிலும் இதே வழி பயன்படும். ஐந்து மைல் நடந்தவர் ஒரு மைல் நடக்கட்டும், ஆனால் நடக்கட்டும். தறியில் எட்டு மணி நேரம் அமர்ந்தவர் இரண்டு மணி நேரம் அமர்ந்து பேரனுக்கு இழை கோக்கக் கற்பிக்கட்டும். நாற்பது பேருக்குச் சோறாக்கிய கை நான்கு பேருக்கு ஆக்கட்டும். பிள்ளைகளே! உங்கள் அத்தாவிடமும் உம்மாவிடமும் ‘இந்த வயதில் இது எதற்கு?’ என்று கேட்காதீர்கள். ‘எவ்வளவு முடியும்? நான் எதைச் சுமக்கட்டும்?’ என்று கேளுங்கள். பெரியவர்களே! அவர்கள் கேட்கும்போது வீம்பு பாராட்டாமல் உண்மையான அளவைச் சொல்லுங்கள்.

கற்ற நற்கலையைக் கைவிடாத உறுதியையும், தன் எல்லையை அறிந்து நிற்கும் பணிவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.