அளந்த இடமும் அமர்ந்த இடமும்

கருவி சொல்லிவிட்டால் மறுபேச்சுக்கு இடமில்லை என்று எண்ணும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. வெப்பமானி காட்டாத காய்ச்சலை நாம் காய்ச்சல் என்று ஒப்புவதில்லை; தராசு காட்டாத எடையை எடை என்று ஏற்பதில்லை. அந்தப் பழக்கம் பெற்ற தாயின் சொல்லையே தட்டிக்கழிக்கும் அளவுக்கு நம்மை இழுத்துச் சென்ற கதையை இங்கே எழுதுகிறோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும், பிற குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு நம் இல்லத்துக் கூடத்தில், தொலைக்காட்சிக்குத் துணையாக ஓர் ஒலியமைப்பை நிறுவினோம். முன்னால் இடமும் வலமுமாக இரண்டு ஒலிபெருக்கிகள். நடுவே, தொலைக்காட்சிக்குக் கீழுள்ள தட்டில் ஒன்று. இருக்கையின் இரு பக்கங்களிலும் சற்றுப் பின்தள்ளி இரண்டு. தாழ்ந்த ஒலிகளுக்கென்றே மூலையில் ஒரு சப்வூஃபர். இவை அனைத்தையும் ஆள்வது ரிசீவர் என்னும் பெட்டி.

அப்பெட்டியோடு ஒரு சிறு மைக்கும் வந்திருந்தது. நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்துவிட்டால், ஒவ்வோர் ஒலிபெருக்கியும் முறையே குருவி கூவுவது போன்ற ஓசையை எழுப்பும். அந்த ஓசை மைக்கை வந்தடையும் நேரத்தைக் கொண்டு தொலைவையும், அதன் வலிமையைக் கொண்டு ஒலியளவையும் ரிசீவர் கணக்கிடும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியால் எந்த அதிர்வு மிகுந்தது, எது குறைந்தது என்று கண்டு, தானே திருத்தியும் கொள்ளும். நாம் மைக்கைச் சோபாவின் நடுவே வைத்தோம். சற்று நேரத்தில் வேலை முடிந்தது. நமக்கும் மிகுந்த மனநிறைவு.

நம் உம்மா அவர்களுக்கு வயது 74. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். கடலைப் பற்றிய ஆவணப் படம் என்றால் அடுப்படி வேலையை ஒத்திவைத்துவிட்டு வந்து அமர்வார்கள். பின்சுவரின் மூலையில் கிடக்கும் சாய்வு நாற்காலிதான் அவர்கள் இடம். மறைந்த நம் வாப்பா அவர்கள் பயன்படுத்திய நாற்காலி அது.

புதிய அமைப்பில் முதல் படம் ஓடிக்கொண்டிருக்கையில், "எல்லாம் ஒரே இரைச்சலா இருக்கு வாப்பா. என்ன சொல்றாங்கண்டே விளங்கலே" என்றார்கள்.

"மெஷினே அளந்து வச்சிருக்கு உம்மா. சரியாத்தான் இருக்கும். உங்களுக்கு இன்னும் பழகலே" என்றோம் நாம்.

பின்னும் இருமுறை சொன்னார்கள். நாமும் அதே விடையைச் சொன்னோம். அதன் பிறகு அவர்கள் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். கூடத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். "வாப்பும்மா ஏன் இப்பல்லாம் படம் பார்க்க வர்றதில்லை?" என்று நம் மகள் கேட்ட பிறகே, சில வாரங்களாக அந்த நாற்காலி காலியாகக் கிடப்பது நம் கண்ணில் பட்டது.

அன்றிரவு நாமே அந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தோம். சோபாவில் தெளிவாகக் கேட்ட விவரிப்பாளரின் குரல், அங்கே அலையின் உறுமலுக்கும் இசையின் முழக்கத்துக்கும் அடியில் புதைந்து போயிருந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே இருந்த தொலைவு ஏழடி. அவ்வளவுதான்.

காரணத்தைத் தேடிப் படித்தோம். நம் நாட்டு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். ஆகவே 35 ஹெர்ட்ஸ் அதிர்வுடைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 10 மீட்டர். நம் கூடத்தின் நீளம் 5 மீட்டர். அதாவது அந்த அலையில் சரிபாதி. இத்தகைய அறையில் அவ்வொலி சுவருக்குச் சுவர் மோதி நிலைகொண்டுவிடும். சுவரை ஒட்டிய இடங்களில் அது மிக வலிமையாகவும், அறையின் நடுவில் மிக மெலிந்தும் கேட்கும். நம் சோபா கிடந்தது சரியாக நடுவில். அங்கே வைத்த மைக், தாழ்ந்த ஒலி போதவில்லை என்று கண்டது. ரிசீவர் அதைக் கூட்டிக் கொடுத்தது. நடுவில் இருந்த நமக்கு அது அளவாயிற்று. மூலையில் இருந்த உம்மாவுக்கோ, முன்னமே மிகுந்திருந்தது மேலும் மிகுந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. மைக் வைத்த இடத்தைப் பற்றி அது உண்மையே சொன்னது. அந்த உண்மையை வீடு முழுவதற்கும் உரியதாக நாம்தாம் எடுத்துக்கொண்டோம்.

திருத்தத்தைத் தொடங்கினோம். முதலில் ரிசீவரைத் தொடாமல் அறையைத் திருத்தினோம். சோபாவை இரண்டடி பின்னுக்கும், உம்மாவின் அனுமதியோடு அந்த நாற்காலியை மூன்றடி முன்னுக்கும் நகர்த்தினோம். மின்விசிறியை நிறுத்தி, மைக்கைக் காது உயரத்தில் ஒரு முக்காலியில் பொருத்தி, மீண்டும் அளந்தோம். இம்முறை ஆறு இடங்கள். அவற்றுள் இரண்டு உம்மாவின் நாற்காலியைச் சுற்றி. முன்பு ரிசீவர் 'பெரியவை' என்று வகுத்திருந்த முன் ஒலிபெருக்கிகளைச் 'சிறியவை' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளைச் சப்வூஃபரின் பொறுப்பில் விட்டோம். அது கிடந்த இடம் நாடாவால் அளந்தால் 3 மீட்டர், ரிசீவரோ 4.5 மீட்டர் என்று காட்டியது. திருத்தக் கை போயிற்று. ஆனால், சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றுகளால் ஏற்படும் தாமதத்தையும் ரிசீவர் தொலைவாகவே கணக்கிடுகிறது என்று அறிந்து, அந்த எண்ணை அப்படியே விட்டோம். கருவியை நம்ப வேண்டிய இடமும் உண்டு அல்லவா?

எஞ்சியதைச் செவியிடம் ஒப்படைத்தோம்; நம் செவியிடம் அன்று, உம்மாவின் செவியிடம். 2015-ஆம் ஆண்டு மறைந்த நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்களின் பாடல் ஒன்றை நடு ஒலிபெருக்கி வழியே ஒலிக்கவிட்டோம். இளமையில் அந்தக் குரலை மேடையருகே இருந்து நேரில் கேட்டவர்கள் உம்மா. சற்று நேரம் கேட்டுவிட்டு, "ஹனிபா குரல்தான். ஆனா பானைக்குள்ளே இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றார்கள்.

பார்த்தால், அந்த ஒலிபெருக்கி தட்டின் உட்புறத்தில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. தட்டின் பலகைகளே பானையாகியிருந்தன. விளிம்புவரை முன்னே இழுத்து, அடியில் சிறு மரத்துண்டு கொடுத்து, முகத்தைக் காதை நோக்கி நிமிர்த்தினோம். இடம் மாறியதால் மற்றொரு முறை அளந்தோம். அதன்மேல் நடு ஒலியை 2 டெசிபல் கூட்டி, சப்வூஃபரை 3 டெசிபல் குறைத்தோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. அதையும் ஓரிரு நாள் கேட்ட பிறகே அடுத்தது. "இப்ப சரி" என்று உம்மா சொன்னதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆயினும் ஒன்று நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது நமக்குத் தெள்ளத் தெளிவாகக் கேட்ட சில சொற்களை உம்மா இன்னும் மாற்றிப் புரிந்துகொண்டார்கள். பேச்சில் உயிரொலிகள் வலிமை மிக்கவை. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ட போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, உயர்ந்த அதிர்வுடையவை. முதுமையில் செவி முதலில் இழப்பதும் உயர்ந்த அதிர்வுகளையே. அதனால்தான் பெரியவர்கள் பலர், "சத்தம் கேக்குது, பேச்சு விளங்கலே" என்கிறார்கள். உம்மா அன்று சொன்னதும் அதே சொற்கள்தாம். பாதிக் குற்றம் நம் சப்வூஃபருடையது. மீதிப் பாதிக்கு வைத்தியம் வேறிடத்தில் இருந்தது.

காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சோதனையில் இரு செவிகளிலும் உயர்ந்த ஒலிகள் குறைந்திருப்பது தெரிந்தது. இது ஓரிரு ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அத்தனை நாளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாம் அதை அறியவில்லை. உம்மா சொன்ன அன்றும் ஒரு பெட்டியின் அளவைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தோம். செவிக்கருவியை முதலில் மறுத்தவர்கள், பேத்தியின் வற்புறுத்தலுக்காக அணியத் தொடங்கினார்கள்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய அமைப்பு இருக்கலாம். திரையில் வரும் எண்களைப் பார்த்து முடித்த பிறகு, ஒருமுறை எழுந்து வீட்டுப் பெரியவர் அமரும் இடத்தில் போய் அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள்.

சென்ற வெள்ளியிரவு கடலைப் பற்றிய படம் ஒன்று ஓடிற்று. சாய்வு நாற்காலி இப்போது நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. பாதிப் படத்தில் உம்மா நம் பக்கம் திரும்பினார்கள். என்ன குறையோ என்று நாம் ரிமோட்டைத் தேடினோம்.

"கொஞ்சம் சத்தத்தைக் குறை வாப்பா. காது வலிக்குது" என்றார்கள்.

உடனே குறைத்தோம்.