தாராவியிலிருந்து லோணாவாலா வரை

மும்பையில் இருசக்கர வாகனம் வாங்க விரும்பும் விசுவாசக் குடும்பத்தார் முதலில் கவனிக்கவேண்டியது வேகத்தையல்ல, இருக்கையின் உயரத்தை. சயான் நெரிசலில் அடிக்கடி காலூன்ற நேரிடும். 112 கிலோ எடையும் 785 மி.மீ. உயர இருக்கையும் கொண்ட ஸ்பிளெண்டர் அதற்குப் போதும். மாதத் தவணையும் கழுத்தை நெரிக்காது.

ஆனால் சனிக்கிழமைகளில் மனைவியோடு லோணாவாலா செல்வோர்க்கு நிலை வேறு. புனே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. கோபோலி வழியாகப் பழைய சாலையிலேயே ஏறவேண்டும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இருவரைச் சுமக்கும் 100 சிசி இயந்திரம் திணறும். 125 சிசி சற்று இளைப்பாறுதல் தரும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்குக. பின்னால் அமரும் சகோதரிக்கும் தலைக்கவசம் அவசியம். முந்தானை சக்கரத்தில் சிக்காதபடி சேலைக் காப்பும் இருக்கட்டும். ஜூலை மழையில் கணவாயை மேகம் மூடும். இருட்டுமுன் இறங்கிவிட்டால் மறுநாள் ஆராதனைக்குக் களைப்பின்றிச் சேரலாம்.